பழகுநரும் தொழிலாளரும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூரிலிருந்து ஓர் இளைஞர் எம் துறைக்கு வந்தார். எம்மிடம் பயின்ற மாணவி ஒருவரின் தம்பி அவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு ஃபிட்டர் தொழில் கற்றவர். பின்னர் ஓர் ஆலையில் ஓராண்டு பழகுநராக இருந்தவர். வேறோர் ஆலைக்குத் தமிழில் விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தவர், அதனைத் திருத்தித் தருமாறு வேண்டினார். ஓரிடத்தில் விரலை வைத்து, “ஐயா, இந்த ஓராண்டை ‘வேலை செய்தேன்’ என்று எழுதுவதா, ‘பயிற்சி பெற்றேன்’ என்று எழுதுவதா?” என வினவினார்.

இலக்கணம் கற்பிக்கும் எமக்கு வினைச்சொல் பற்றிய ஐயம் புதிதன்று. எனினும் இவ்வையம் இலக்கண நூலால் தீர்வதன்று. ‘வேலை செய்தேன்’ என்றால் அதற்கு ஊதியமும் உரிமையும் உண்டு. ‘பயிற்சி பெற்றேன்’ என்றால் உதவித்தொகையும் சான்றிதழும் உண்டு, அவற்றோடு முடிந்தது. அவரோ காலையில் பிறரோடு ஆலைக்குள் நுழைந்தார். பிறர் தொட்ட எந்திரத்தையே தொட்டார். மாலையில் பிறரோடு வெளியே வந்தார்.

அவ்வினாவின் விடையைத் தேடிச் சென்ற யாம், இரு வரலாறுகளைக் கண்டோம். ஒன்று, தொழில் கற்பித்தலின் வரலாறு. மற்றொன்று, தொழிலாளர் உரிமையின் வரலாறு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய சென்னை மேற்புறத்து ஊர்களில் இவ்விரண்டும் அருகருகே நடந்து வந்துள்ளன. ஆயினும் கற்பவர் தொழிலாளராக மாறும் இடத்தில் இவை கைகோக்கவில்லை. இதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்புவழியும் பிணைவழியும்

தமிழகத்தில் தொழில் நெடுங்காலம் குடும்பத்துக்குள்ளேயே கற்பிக்கப்பட்டது. தச்சர் மகன் தந்தையின் உளியைப் பிடித்துப் பழகினான். குயவர் மகன் மண் மிதித்துப் பழகினான். ‘கை பழகிவிட்டது’ என்னும் வழக்கு இன்றும் பட்டறைகளில் கேட்கப்படுகிறது. இம்முறையில் நன்மை இல்லாமலில்லை. கற்பதற்குப் பொருட்செலவில்லை, கற்றவர்க்கு வேலை எங்கே என்ற கேள்வியும் பெரும்பாலும் எழவில்லை. குறையோ பெரிது. பிறந்த குடியே தொழிலை முடிவு செய்தது. நிலமும் பட்டறையும் இல்லாத குடியிற் பிறந்தார்க்குக் கூலிவேலை ஒன்றே எஞ்சியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேறொரு வழி தோன்றியது. 1850ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம், பத்து முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுவரைத் தொழில் கற்பதற்காக ஒரு தலைவரிடம் எழுத்துமூலம் பிணைத்துவிட இடமளித்தது. பிணைக்காலம் ஏழாண்டு வரை நீளலாம். பெற்றோரற்ற சிறுவரையும், அறநிலையங்களில் வளர்ந்த ஏழைச் சிறுவரையுமே அச்சட்டம் சிறப்பாகக் கருத்திற் கொண்டது. அதே 1850இல்தான் அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைத்தொழிற்பள்ளியைத் தொடங்கினார். ஓரிடத்தில் தொழில் கல்வியாயிற்று. மற்றோரிடத்தில் ஏழ்மைக்குப் பரிகாரமாயிற்று. இவ்விரு நோக்கும் அன்றே பிரிந்து நின்றமை கருதத்தக்கது.

விடுதலைக்குப் பின்னும் பிறப்புவழி முற்றும் நீங்கிவிடவில்லை. 1953இல் இராசாசியின் அரசு தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொணர்ந்தது. அதன்படி ஊர்ப்புறச் சிறுவர் பள்ளியில் இருக்கும் நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும். பள்ளியும் ஆசிரியரும் போதாமையால், இருமுறை வகுப்பு நடத்திக் கூடுதலான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு கூறிய காரணம். பெரியார் இதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டு எதிர்த்தார்; திராவிட முன்னேற்றக் கழகமும் போராடியது. தந்தை தொழிலை மகன் கற்கவேண்டும் என்றால், எத்தொழிலும் கற்க விடப்படாத தந்தையின் மகன் எதனைக் கற்பான் என்பதே அவ்வெதிர்ப்பின் உள்ளுறை. 1954இல் காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டே அத்திட்டம் கைவிடப்பட்டது.

பிறப்புவழி மறுக்கப்பட்டால் அவ்விடத்தில் வேறுவழி வேண்டுமன்றோ? அவ்வழி எவ்வாறு அமைந்தது என்பதனைச் சென்னையின் மேற்புறத்தில் தெளிவாகக் காணலாம்.

மேற்புறத்தின் மாற்றம்

பெரம்பூரிலிருந்து வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி என மேற்கே செல்லும் இருப்புப்பாதையே இந்நிலப்பகுதியின் முதுகெலும்பு. இரண்டாம் உலகப்போரின்போது ஆவடி படைத்தளமாக விளங்கியது. போர் முடியும் தறுவாயில், படையிலிருந்து விடுவிக்கப்படுவோர்க்கு வாழ்வளிக்க வேண்டிய கடமை அரசுக்கு வந்தது. 1945 சூலையில் இந்திய அரசு மீள்குடியமர்த்தலுக்கும் வேலைவாய்ப்புக்கும் உரிய தலைமை இயக்ககத்தை நிறுவியது. பிரிவினையால் இடம்பெயர்ந்தோரும் பின்னர் அதன் பணிக்குள் வந்தனர். 1948இல் வேலை தேடுவோர் யாவர்க்கும் அதன் வாயில் திறந்தது. நாம் அறிந்த வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பிறப்பு இதுவே.

ஆலைகள் அடுத்து வந்தன. முருகப்பா குழுமத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தாரும் இணைந்து 1949இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் மிதிவண்டி செய்தது. 1955 சனவரியில் யு. என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சமதர்மப் பாங்கான சமுதாயத்தை நாட்டின் குறிக்கோளாக அறிவித்தது. மாநாட்டுத் திடலுக்கு இட்ட சத்தியமூர்த்தி நகர் என்னும் பெயர் இன்றும் அப்பகுதிக்கு வழங்குகிறது. அதே ஆண்டு அக்டோபரில் பெரம்பூரில் இரயில்பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூக்காஸ் டி.வி.எஸ். முதலிய மோட்டார் உறுப்பு ஆலைகள் எழுந்தன. ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து முதல் விசயந்தா டாங்கி 1965 திசம்பரில் வெளிவந்தது.

பேராலை மட்டும் போதாது, சிறுதொழிலும் வேண்டும் என்பது அக்காலத் தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமனின் கொள்கை. 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை அமைந்தது. அதனினும் பரந்ததாய், ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் அமைந்தது. மனையும் சாலையும் மின்சாரமும் அரசு தர, சிறு முதலாளிகள் லேத்தும் துளைப்பானும் அமைத்துப் பேராலைகளுக்கு உறுப்புகள் செய்து கொடுத்தனர்.

ஏரியும் வயலுமாய் இருந்த ஊர்களில் பல்லாயிரம் பேர்க்கு வேலை வந்தது. அவ்வேலையைச் செய்ய எவரும் பிறப்பால் உரிமையோ பயிற்சியோ பெற்றிருக்கவில்லை. மில்லிங் எந்திரம் எந்தக் குடிக்கும் குலத்தொழிலன்று.

சாதியில்லாத தொழிற்பெயர்கள்

1950இல் இந்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. தொழிற்பயிற்சி நிலையங்கள் இத்திட்டத்தின்கீழ் எழுந்தன. 1956இல் இவற்றின் நாட்பட்ட ஆட்சியும் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் ஆட்சியும் மாநிலங்களின் கைக்கு வந்தன. அம்பத்தூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் அமைந்தது. சத்தியமூர்த்தி நகரில் முருகப்பா பல்தொழிற் பயிலகம் தோன்றியது. பூவிருந்தவல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளியும், பார்வைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும் அமைந்தன. உடற்குறையும் தொழிலுக்குத் தடையாகலாகாது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. அரசுப் பணியில் உடற்குறை உடையோர்க்கு 1995ஆம் ஆண்டின் சட்டம் நூற்றுக்கு மூன்று இடமும், 2016ஆம் ஆண்டின் சட்டம் நான்கு இடமும் ஒதுக்கியமை இக்கருத்தின் தொடர்ச்சியாம்.

ஈண்டுச் சொல்லாராய்ச்சிக்குரிய செய்தி ஒன்றுண்டு. கொல்லர், தச்சர், கன்னார் என்பன தொழிலின் பெயர்கள். அவையே சாதியின் பெயர்களுமாம். ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்பன தொழிலின் பெயர்கள் மட்டுமே. பிறமொழிச் சொற்களைக் கண்டு முகஞ்சுளிக்கும் இயல்பு தமிழாசிரியர்க்கு உண்டு, எமக்கும் உண்டு. எனினும் அம்பத்தூர்ப் பட்டறைக்குள் நுழைந்த ஓர் உழவுக்கூலியின் மகன் ‘நான் டர்னர்’ என்று சொன்னபோது, அச்சொல் அவன் பிறப்பைக் காட்டிக் கொடுக்கவில்லை. பின்னர் ஆட்சித்தமிழில் அமைந்த பொருத்துநர், கடைசலர் என்னும் சொற்களும் அவ்வாறே குடிப்பெயராகாமல் வினைப்பெயராய் நின்றன. பிறப்புவழியை உடைத்ததில் இப்பெயர்களுக்கும் ஒரு பங்குண்டு என்று கூறுதல் மிகையாகாது.

நிலையத்தில் கற்றது ஏட்டளவில் நின்றுவிடாமல் ஆலையில் கைவரப்பெற வேண்டும் என்பதற்காக 1961இல் புதிய பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. ஆலைகள் குறிப்பிட்ட அளவு பழகுநரை ஏற்றல் கட்டாயமாயிற்று. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தல் வேண்டும். உதவித்தொகை தருதல் வேண்டும். முடிவில் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குதல் வேண்டும். ஏழையைப் பிணைத்த சட்டம் போய், முதலாளிக்குக் கடமை விதித்த சட்டம் வந்தது. இஃது உண்மையான முன்னேற்றமே.

தொழிலாளர் என்னும் சொல்

உரிமையின் வரலாறு இதே இருப்புப்பாதையின் கீழ்முனையில் தொடங்கிற்று. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளரே அதன் உறுப்பினர். செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவரானார். 1920இல் பின்னி நிறுவனத்தார் வாடியா முதலியோர்மீது உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றனர். சங்கம் அமைத்தலே குற்றமாகக் கருதப்படக்கூடும் என்னும் இந்நிலையை மாற்றுதற்கு எழுந்த முயற்சியின் பயனே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, பூவிருந்தவல்லிக்கு மேற்கே சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஒரு மாதத்திற்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததும் சங்க உரிமைக்காகவே. அச்சங்கம் 2025 சனவரியில் பதிவு பெற்றது.

இயக்கத்தோடு சொல்லும் வளர்ந்தது. ‘கூலியாள்’ என்பது ஒருவர் பெறும் விலையால் அவரைக் குறிப்பது. ‘தொழிலாளர்’ என்பது அவர் ஆளும் தொழிலால் அவரைக் குறிப்பது. மேடையில் நல்ல தமிழில் தொழிலாளரோடு பேசிய திரு. வி. க. போன்றோரால் பின்னைய சொல் மதிப்புப் பெற்றது. ‘பழகுநர்’ என்பதும் நல்ல சொல்லே. ஓட்டுநர், இயக்குநர் என்பவற்றைப் போல, செய்யும் செயலால் ஒருவரைக் குறிக்கிறது. பழகுநர் ஒருநாள் தொழிலாளர் ஆவார் என்பதே இவ்விரு சொற்களும் நமக்குத் தரும் எதிர்பார்ப்பு. சட்டம் அவ்வெதிர்பார்ப்பை நிறைவேற்றியதா என்பதனை இனிக் காண்போம்.

பிறைக்கோட்டுக்குள் நின்ற பழகுநர்

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், தொழிலாளர் யார் என்று வரையறுக்கும் இடத்தில் பிறைக்கோட்டுக்குள் ஒரு தொடரை வைத்தது. ‘பழகுநர் உள்ளிட்ட’ என்பது அதன் பொருள். அஃதாவது, கற்பவரும் தொழிலாளரே; அவர்க்கும் தகராறு எழுப்பும் உரிமை உண்டு.

பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்த 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் வேறு முடிவு செய்தது. அதன் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளர் அல்லர் என்றும், தொழிலாளர் பற்றிய சட்டங்கள் அவர்க்குப் பொருந்தா என்றும் கூறிற்று. ஆலைக்கும் பழகுநர்க்கும் பிணக்கு எழுந்தால் பழகுநர் ஆலோசகரே முடிவு செய்வார். 22ஆம் பிரிவு, பயிற்சி முடிந்தபின் வேலை தரவேண்டும் என்னும் கடமை முதலாளிக்கு இல்லை என்றது. ஒப்பந்தத்திலேயே அவ்வாறு எழுதியிருந்தாலன்றி அக்கடமை எழாது.

இதே அமைப்பை 1959ஆம் ஆண்டின் காலியிட அறிவிப்புச் சட்டத்திலும் காணலாம். ஆலைகள் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவித்தல் கட்டாயம். அங்கிருந்து ஆளெடுத்தல் கட்டாயமன்று. அறிவிக்கக் கட்டாயம், அமர்த்தக் கட்டாயமில்லை. பழக்கக் கட்டாயம், அமர்த்தக் கட்டாயமில்லை. வாயில்வரை அழைத்துச் சென்று அங்கே விட்டுவிடும் இயல்பு இரு சட்டங்களுக்கும் பொதுவாயிற்று.

பின்வந்த மாற்றங்களும் இவ்விடைவெளியை நிரப்பவில்லை. தமிழ்நாட்டில் 1981இல் இயற்றிய நிலைபேறு வழங்கும் சட்டம், 24 மாதங்களுக்குள் 480 நாள் இடைவிடாது பணியாற்றியவரை நிலையான தொழிலாளராக ஏற்கவேண்டும் என்றது. நாடு போற்றத்தக்க சட்டம் இது. ஆயின் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பழகிய நாள்கள், 18ஆம் பிரிவின் காரணமாக அக்கணக்கிற் சேரா. 1995இல் உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கொன்றில் உச்சநீதிமன்றம், பிற தகுதிகள் ஒத்திருக்குமாயின் பயிற்சி பெற்ற பழகுநர்க்கு முன்னுரிமை தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது வேலைக்கு உரிமையன்று. ஒத்த தகுதியில் ஒரு முன்னுரிமை. 2014ஆம் ஆண்டின் திருத்தம், பழகுநரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தமக்கெனக் கொள்கை வகுக்கவேண்டும் என்றது. அக்கொள்கை இன்னவாறு இருத்தல் வேண்டும் என்று கூறவில்லை. அதே திருத்தம் சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத்தண்டனையையும் நீக்கியது.

இறுதியாக 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதனுள் அடங்கி மறைந்தது. புதிய சட்டத்திலும் தொழிலாளர் வரையறையில் பிறைக்கோடு உண்டு. அதற்குள் பழகுநரும் உண்டு. ஆனால் சொல் மாறிவிட்டது. ‘உள்ளிட்ட’ என்றிருந்த இடத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழகுநர் ‘நீங்கலாக’ என்றாயிற்று. எழுபத்து மூன்று ஆண்டுத் தொழிற்சட்ட வரலாற்றை இவ்விரு சொற்களுக்கு இடையே படித்துவிடலாம்.

மறுப்பும் விடையும்

கற்பவரையும் தொழிலாளரையும் பிரித்தல் தவறன்று என்று வாதிடுவோர் உளர். அவர் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கற்பவர் பொருளைக் கெடுப்பார்; கற்பிப்பவரின் நேரத்தைக் கொள்வார். அவர்க்கு முழு ஊதியமும் நிலைபேறும் தரவேண்டும் என்றால் எந்த ஆலையும் கற்பிக்க முன்வராது. மேலும், கற்பவரைத் தொழிலாளர் என்று கொண்டால், அவரிடம் உற்பத்தியையே எதிர்பார்ப்பர், கல்வி தேய்ந்துவிடும். இவற்றோடு, 1961ஆம் ஆண்டுச் சட்டம் பழகுநரை முற்றும் கைவிட்டுவிடவில்லை என்பதனையும் நடுவுநிலையோடு கூறவேண்டும். ஆலைச் சட்டத்தின் உடல்நல, பாதுகாப்பு விதிகள் அவர்க்கும் உண்டு. வேலைநேரத்துக்கு வரம்பு உண்டு. விபத்து நேர்ந்தால் இழப்பீடும் உண்டு.

எனவே பிரித்தல் குறையன்று. பிரித்தபின் கடந்து செல்லும் வழியை வகுக்காமையே குறை. இக்குறை இருவகையில் வெளிப்படுகிறது. முதலாவது, ஓராண்டு முடிவில் ஒரு பழகுநர் வெளியேற மற்றொருவர் வருவார். எந்திரத்தின்முன் உள்ள இடம் நிலையானது. அங்கு நிற்பவர் மட்டும் நிலையற்றவர். இரண்டாவது, சட்டத்தின் கண்ணிற் படாத கற்பவரே தொழிற்பேட்டையில் மிகுதி. 2019ஆம் ஆண்டு விதித்திருத்தத்தின்படி 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களே பழகுநரைக் கட்டாயம் ஏற்கவேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ளவற்றுக்கு அது விருப்பமே. சிறு பட்டறையில் ‘ஹெல்ப்பர்’ என்று சேரும் சிறுவர் ஒப்பந்தமுமின்றிச் சான்றிதழுமின்றிக் கற்கிறார். அவர் தொழிலறிவு பெரிது. அதனைக் காட்டுதற்கு ஒரு தாளும் இல்லை.

இஃது ஏட்டுச் சிக்கலன்று. பிறப்புவழியில் கற்றவர்க்குத் தொழிலைத் தேரும் உரிமை இல்லை. எனினும் தந்தையின் பட்டறையில் இடம் இருந்தது. பயிற்சிவழியில் கற்பவர்க்குத் தேரும் உரிமை உண்டு. கற்றபின் இடம் உண்டா என்பது உறுதியில்லை. மீண்டும் பழைய வழிக்குச் செல்லலாம் என்பது இதன் பொருளன்று. அவ்வழி மூடியது நன்றே. திறந்த வழி பாதியில் நின்றுவிடலாகாது என்பதே எம் கருத்து.

இதற்குப் பெருஞ்சட்டம் வேண்டுவதில்லை. சில சிறு சீர்திருத்தங்கள் போதும். பழகிய ஆலையிலேயே ஒருவர் பின்னர் வேலைக்கு எடுக்கப்பட்டால், பழகிய காலத்தை அவர் பணிக்காலத்தோடு சேர்த்துக் கணக்கிடலாம். 2014ஆம் ஆண்டின் திருத்தம் கூறும் கொள்கையை, ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே பழகுநர்க்குத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். சான்றிதழில் தொழிலின் பெயரோடு நில்லாமல், எந்த எந்திரத்தில் எந்த வேலையை எத்துணைக் காலம் செய்தார் என்பதனையும் குறிக்கலாம். சிறு பட்டறையில் கற்றவர்க்கும் தேர்வெழுதிச் சான்று பெறும் வாயிலை அவர் ஊரிலேயே அகலத் திறக்கலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சென்னை மேற்புறத்தில் கடந்த எழுபது ஆண்டுகளில் தொழில் பிறப்பினின்று விடுபட்டது என்பதும், கற்பித்தல் அரசின் கடமையும் ஆலையின் கடமையும் ஆயிற்று என்பதும், ஆயினும் கற்றவர் தொழிலாளராகும் படி சட்டத்தில் அமையவில்லை என்பதும் விளங்கும். 1947இல் ‘உள்ளிட்ட’ என்று தொடங்கிய பழகுநர் 2020இல் ‘நீங்கலாக’ என்று முடிந்தமை இதற்குச் சான்று.

அன்று அவ்விளைஞர்க்கு யாம் கூறிய விடை இது: “சட்டப்படி நீங்கள் பயிற்சி பெற்றீர்கள், அதனைக் கல்வித் தகுதியில் எழுதுங்கள். அந்த ஓராண்டில் உங்கள் கை செய்த வேலைகளை ஒவ்வொன்றாக முன் அனுபவத்தில் எழுதுங்கள். இரண்டும் உண்மையே.” அவர் அவ்வாறே எழுதினார். கடைசல் எந்திரத்தில் செய்தவை, அளவெடுத்துச் சரிபார்த்தவை, இரவுப் பணியில் தனியே பொருத்தியவை என அப்பட்டியல் தாளின் மறுபக்கத்துக்கும் சென்றது. அவ்வளவையும் செய்தவரை வேலை செய்யாதவர் என்று கூறும் சொல்லைத் தமிழில் யாம் தேடினோம், கிடைக்கவில்லை.